வேறு வேலையிலிருந்து வெளிநாட்டில் தெரபிஸ்ட் ஆக: கொழும்பிலிருந்து தொடங்குபவர்களுக்கு

பாங்கிலோ ஓடிட் கம்பனியிலோ ஐ.டி.யிலோ பல வருடம் வேலை செய்துவிட்டு, இனி மனிதர்களோடு நேரடியாக வேலை செய்யும் தொழிலுக்குப் போகவேண்டும், பிசியோதெரபியோ ஸ்பீச் தெரபியோ நர்சிங்கோ வெளிநாட்டில் படித்து அங்கேயே வேலையும் தேடவேண்டும் என்று நினைப்பவர்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். என்னிடம் கேட்பவர்களில் பலருக்கு முப்பது தாண்டிவிட்டது. முதல் கேள்வி அநேகமாக இதுதான்: "நான் ஏ.எல். கொமர்ஸ், பயோ படிக்கவில்லை, எனக்கு முடியுமா?"

முடியும். நானே கணக்கு வேலையை விட்டு இங்கிலாந்தில் ஸ்பீச் தெரபி படித்து, அங்கே கொஞ்சக் காலம் வேலையும் செய்துவிட்டு வந்தவள். ஆனால் எந்தக் கோர்ஸில் சேர்ந்தாலும் முடியும் என்று அர்த்தமில்லை. தவறான கோர்ஸில் போய் மாட்டினால் காசும் போய் வயதும் போய்விடும். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் வேலையைக் கண்ணால் பாருங்கள்

நாடு, விசா, காசு எல்லாவற்றுக்கும் முன் அந்த வேலை உண்மையில் எப்படி இருக்கும் என்று பார்த்துவிடுங்கள். பிசியோ என்றால் விளையாட்டு வீரருக்கு மசாஜ் செய்வது என்ற நினைப்பில் வருகிறவர்கள் இருக்கிறார்கள். படிக்கும்போது அனுப்பப்படும் வார்டுகளில் நடப்பது வேறு: பக்கவாதம் வந்த கனத்த ஆள் ஒருவரைக் கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றுவது, நெஞ்சுச் சளியை வெளியே எடுக்க உதவுவது, இடுப்பு எலும்பு முறிந்து ஒப்பரேஷன் செய்த அம்மாவை மறுநாளே நாலு அடி நடக்கவைப்பது. ஒகுபேஷனல் தெரபியில் (சுருக்கமாக ஓ.டி.) குளிப்பது, உடுப்பது, தேநீர் போடுவது என்று அன்றாட வாழ்க்கையே பாடம்.

ஸ்பீச் தெரபி என்றதும் எல்லாருக்கும் திக்கிப் பேசும் பிள்ளைகள்தான் நினைவுக்கு வரும். பெரியவர்கள் வார்டில் எங்கள் வேலையில் பெரும்பகுதி விழுங்குவதைப் பற்றியது. பக்கவாதம் வந்தவரை நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு தேக்கரண்டித் தண்ணீர் கொடுத்து, விரல்களை மெதுவாகக் கழுத்தில் வைத்துக் குரல்வளை மேலேறி இறங்குகிறதா என்று பார்ப்போம். பிறகு "ஆ" என்று சொல்லச் சொல்வோம். குரல் ஈரமாக, களகளவென்று கேட்டால் தண்ணீர் மூச்சுக்குழாய்ப் பக்கம் போயிருக்கிறதோ என்று சந்தேகப்படவேண்டும். ஒரு இருமல்கூட இல்லாமல் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் கொண்டுபோய் விடுவதும் உண்டு. சளி, எச்சில், மலம், மூத்திரம், அழுகை எல்லாம் இந்தத் தொழில்களில் இருக்கின்றன. அது உங்களுக்குச் சரிவருமா என்பதை இங்கேயே தெரிந்துகொள்ளலாம்.

எங்கே பார்ப்பது? தனியார் பிசியோ கிளினிக்குகளில் நேரே போய், ஒரு ஓரமாக நின்று பார்க்க விடுவீர்களா என்று கேளுங்கள். எல்லாரும் விடமாட்டார்கள், நாலு இடத்தில் கேட்டால் ஒரு இடம் கிடைக்கும். முதியோர் இல்லங்களிலும், கொழும்பு 5இல் உள்ள சித்ரா லேன் பள்ளி போல விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான இடங்களிலும் தொண்டராக இருக்க முடியுமா என்று விசாரியுங்கள். கவுன்சலிங் பக்கம் மனம் போகிறவர்களுக்கு ஹோட்டன் பிளேஸில் இருக்கும், மனம் உடைந்தவர்களுக்குக் காது கொடுக்கும் தொண்டு அமைப்பான சுமித்ரயோ நல்ல தொடக்கம். 1974இலிருந்து இயங்குகிறது, தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்துத்தான் எடுப்பார்கள். பார்த்ததை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், நோயாளியின் பெயர் மட்டும் வேண்டாம். பின்னால் நேர்முகத்தில் உங்களைத் தூக்கி நிறுத்தப்போவது அந்தக் கொப்பிதான்.

பதிவிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் இந்தப் பகுதியை வாசியுங்கள்.

பிரித்தானியாவில் பிசியோதெரபிஸ்ட், ஒகுபேஷனல் தெரபிஸ்ட், டயட்டீஷியன், ரேடியோகிராஃபர் என்ற பெயர்களை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ள முடியாது, சட்டம் விடாது. எச்.சி.பி.சி. என்ற சபையின் பதிவேட்டில் பெயர் இருக்கவேண்டும். ஸ்பீச் தெரபியோடு சேர்த்து மொத்தம் 15 தொழில்கள் அதன் கீழ் வருகின்றன. நர்சுகளுக்கு என்.எம்.சி. என்ற தனிச் சபை. அவுஸ்திரேலியாவில் பிசியோ, ஓ.டி., சைக்கொலொஜி எல்லாம் ஆப்ரா என்ற பதிவு அமைப்பின் கீழ். ஸ்பீச்சுக்கும் டயட்டெடிக்ஸுக்கும் அந்தந்தத் தொழில்சார் சங்கங்களே அங்கீகாரம் கொடுக்கின்றன.

இந்தச் சபைகள் எல்லாம் தாங்கள் அங்கீகரித்த கோர்ஸ்களின் பட்டியலைத் தங்கள் தளத்தில் போட்டு வைத்திருக்கின்றன. நீங்கள் தொடங்கவேண்டியது அங்கேதான். ஏஜென்ட் காட்டும் கையேட்டைப் பிறகு பார்க்கலாம். பல்கலைக்கழகம் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், உங்கள் கோர்ஸ் அந்தப் பட்டியலில் இல்லையென்றால், படித்து முடித்த பிறகும் உங்களுக்குப் பதிவு கிடையாது, அந்த வேலையும் கிடையாது.

கோர்ஸின் பெயரை மட்டும் பார்த்து ஏமாறுவது எவ்வளவு சுலபம் என்று சொல்கிறேன். "எம்.எஸ்சி. பிசியோதெரபி" என்று இருக்கும், உள்ளே போய் வாசித்தால் அது ஏற்கெனவே பிசியோவாக இருப்பவர்களுக்கான மேற்படிப்பு. வேறு துறையிலிருந்து வருபவர்கள் தேடவேண்டியது "ப்ரீ-ரெஜிஸ்ட்ரேஷன்", அதாவது முதல் தடவை பதிவுக்குத் தகுதி தரும் கோர்ஸ், என்று குறிப்பிட்ட மாஸ்டர்ஸ்; அவுஸ்திரேலியாவில் "கிராஜுவேட் என்ட்ரி" என்பார்கள். பெரும்பாலும் இரண்டு வருடம், அதற்குள் வைத்தியசாலைப் பயிற்சியும் அடங்கும். ஓ.டி.க்கு உலக அளவில் குறைந்தது 1,000 மணி நேரப் பயிற்சி என்பது கணக்கு. பயிற்சி மணித்தியாலம் பற்றிப் பேச்சே இல்லாத ஒரு வருடக் கோர்ஸ் என்றால் உடனே உஷாராகுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி ரிஹபிலிட்டேஷன் என்று தலைப்புப் போட்ட மாஸ்டர்ஸ் ஒன்றுக்குப் போய், முதல் தவணை முடிந்த பிறகுதான் அதில் பதிவு இல்லை என்று அறிந்தான். கட்டிய காசு திரும்பி வரவில்லை. பப்ளிக் ஹெல்த், ஹெல்த்கேர் மனேஜ்மென்ட் எல்லாம் நல்ல படிப்புகள்தான், ஆனால் அவை உங்களைத் தெரபிஸ்ட் ஆக்காது.

உங்கள் முதல் டிகிரி என்ன என்பதும் முக்கியம். ஓ.டி.க்கும் ஸ்பீச்சுக்கும் எந்தத் துறை டிகிரி என்றாலும் எடுக்கும் பல்கலைக்கழகங்கள் பல உண்டு. பிசியோவுக்குப் பெரும்பாலும் உயிரியல், விளையாட்டு விஞ்ஞானம், சைக்கொலொஜி போன்ற ஒன்று கேட்பார்கள். டயட்டெடிக்ஸுக்கு உயிர் இரசாயனமும் உடலியலும் இல்லாமல் கஷ்டம். கொழும்பில் சீமா, ஏ.சி.சி.ஏ. போன்ற கணக்கியல் தகுதி மட்டும் முடித்துவிட்டு டிகிரி இல்லாமல் நல்ல வேலையில் இருப்பவர்கள் எத்தனையோ பேர். உங்கள் நிலை அதுவென்றால் அதை டிகிரிக்குச் சமமாக எடுப்பீர்களா என்று அட்மிஷன் பகுதிக்கு மின்னஞ்சல் போட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். இல்லை என்றால் மூன்று வருட பி.எஸ்சி.யாகவே தொடங்கவேண்டி வரும், அது இன்னொரு கணக்கு.

சைக்கொலொஜி, கவுன்சலிங் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் ஆசைப்படுபவர்களும் அதிகம், குழப்பமும் அதிகம். பிரித்தானியாவில் வேறு துறை டிகிரி உள்ளவர்களுக்கான சைக்கொலொஜி கொன்வேர்ஷன் மாஸ்டர்ஸ் முடித்தால் நீங்கள் சைக்கொலொஜிஸ்ட் ஆகிவிடுவதில்லை, அதன் மேல் மூன்று வருட டொக்டரேட் வேண்டும். அவுஸ்திரேலியாவில் முழுப் பாதையும் குறைந்தது ஆறு வருடம். கவுன்சலர் என்ற பெயருக்குப் பிரித்தானியாவில் சட்டக் கட்டுப்பாடே இல்லை, அதனால் யாரும் கோர்ஸ் நடத்தலாம். அந்தத் தகுதியை வைத்து வேலை விசா எடுப்பதும் கடினம். கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் 2015இலிருந்து சைக்கொதெரபிஸ்டுகளுக்குத் தனிச் சபை இருக்கிறது, அங்கே போகிறவர்கள் அந்தச் சபை அங்கீகரித்த கோர்ஸா என்று பார்த்தே ஆகவேண்டும்.

எந்த நாடு: வயதையும் குடும்பத்தையும் வைத்துப் பாருங்கள்

சொந்தக்காரர் இருக்கும் நாட்டுக்குப் போவது நம் ஆட்களின் வழக்கம், அதில் பிழையில்லை, தங்க ஒரு அறை கிடைப்பதே பெரிய உதவி. ஆனால் முப்பது தாண்டியவர்கள் விதிகளை முதலில் பார்க்கவேண்டும்.

அவுஸ்திரேலியாவில் படிப்பு முடிந்ததும் கிடைக்கும் 485 விசாவுக்கு, 2024 ஜூலையிலிருந்து, சாதாரண மாஸ்டர்ஸ் படித்தவர்களுக்கு வயது எல்லை 35. 34 வயதில் இரண்டு வருடக் கோர்ஸைத் தொடங்கினால் முடிக்கும்போது அந்தக் கதவு மூடியிருக்கும். புள்ளி அடிப்படையிலான நிரந்தர வதிவிட விசாவுக்கு 45 வயதாகும்வரை விண்ணப்பிக்கலாம், ஆனால் வயது ஏற ஏறப் புள்ளி குறையும். பிரித்தானியாவில் இப்படி வயது எல்லை இல்லை. அங்கே வேறு சிக்கல்: 2024 ஜனவரியிலிருந்து இந்த வகை மாஸ்டர்ஸ் மாணவர்கள் கணவன் மனைவியையோ பிள்ளைகளையோ கூட்டிக்கொண்டு போக முடியாது. கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு இரண்டு வருடம் இருக்க முடியுமா என்பதை வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். இதை லேசாக எடுத்துப் பாதியில் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

கனடாவில் பிசியோ, ஓ.டி. இடங்கள் பெரும்பாலும் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ளவர்களுக்குத்தான். டொரொண்டோவில் பாதிக் குடும்பம் இருந்தாலும் நேரே மாணவராகப் போய் பிசியோ படிப்பது அரிது.

ஜேர்மனியைப் பற்றி இங்கே போதுமான அளவு பேசுவதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே நர்சிங்கை ஆஸ்பில்டுங் என்ற மூன்று வருடத் தொழிற்பயிற்சியாகப் படிக்கலாம்: 2,100 மணி நேரம் வகுப்பு, 2,500 மணி நேரம் வைத்தியசாலையிலும் முதியோர் இல்லங்களிலும். கட்டணத்துக்குப் பதிலாக உங்களுக்குச் சம்பளம் தருவார்கள், அரச துறைச் சம்பள அளவில் முதல் வருடமே மாதம் 1,300 யூரோவுக்கு மேல். டிகிரியும் தேவையில்லை. கேட்பது மொழி. பி1 மட்ட ஜேர்மன் இல்லாமல் அசைய முடியாது, பல இடங்கள் அதற்கு அடுத்த மட்டமான பி2 கேட்கும். கொழும்பு 7இல் கிரெகரிஸ் ரோட்டில் கோதே இன்ஸ்டிடியூட் இருக்கிறது, வேலைக்குப் போய்க்கொண்டே படித்து அந்த மட்டத்துக்கு வர ஒன்றரை, இரண்டு வருடம் என்று மனதில் வையுங்கள். கையில் காசு இல்லை, ஆனால் பொறுமை இருக்கிறது என்பவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

காசு

பிரித்தானியாவில் ப்ரீ-ரெஜிஸ்ட்ரேஷன் மாஸ்டர்ஸுக்கு வெளிநாட்டு மாணவர் கட்டணம் இடத்துக்கு இடம் நிறையவே வேறுபடும். வருடத்துக்கு 20,000 பவுண் என்று வைத்து, ஒரு பவுணை 400 ரூபாய் என்று போட்டாலும் ஒரு வருடத்துக்கு 80 லட்சம். இரண்டு வருடத்துக்கு ஒரு கோடியே 60 லட்சம், இது கட்டணம் மட்டும். அதற்கு மேல் விசாவுடன் கட்டும் சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 776 பவுண். ஒன்பது மாத வாழ்க்கைச் செலவுக்கான காசைத் தொடர்ந்து 28 நாள் வங்கியில் குறையாமல் வைத்துக் காட்டவும் வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் விசா மறுக்கப்படலாம். அவுஸ்திரேலியாவில் வாழ்க்கைச் செலவுக்கு மட்டும் 29,710 அவுஸ்திரேலிய டொலர் காட்டவேண்டும், கட்டணம் தனி.

2022இல் அமெரிக்க டொலர் இரண்டு மாதத்துக்குள் 200 ரூபாய்ப் பக்கத்திலிருந்து 360 வரை போனதை நாம் எல்லாரும் பார்த்தோம். அப்போது வெளியே படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் பெற்றோர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. இரண்டாம் வருடக் கட்டணத்தை இன்றைய விலையில் கணக்குப் போடாதீர்கள், கால்வாசியாவது கூட்டிப் போடுங்கள். அம்மா அப்பாவின் ஒரே வீட்டை ஈடு வைத்துக் கடன் எடுத்துப் போவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

பகுதிநேர வேலை செய்து கட்டணம் கட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். பிரித்தானியாவில் தவணைக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் அனுமதி, பயிற்சிக் காலத்தில் காலை எட்டரைக்கு வார்டில் நின்று மாலை ஐந்துக்குத் திரும்பி அறிக்கை எழுதுபவருக்கு அந்த 20 மணி நேரமும் கிடைக்காது. சாப்பாட்டுச் செலவுக்குத் தேறும், அவ்வளவுதான்.

ஆங்கிலம்

ஐ.இ.எல்.டி.எஸ். சராசரி 7 என்பது இந்தத் தொழில்களில் பொதுவான அளவு, மற்றப் படிப்புகளுக்குப் போதுமான 6.5 இங்கே பல இடங்களில் போதாது. ஸ்பீச் தெரபிக்கு இன்னும் மேலே: எச்.சி.பி.சி. வெளிநாட்டில் படித்தவர்களிடம் கேட்பது 8, எந்தப் பகுதியிலும் 7.5க்குக் குறையாமல். பல்கலைக்கழகங்களும் அதை ஒட்டியே கேட்கும். நம்மவர்களுக்கு இழுப்பது ரைட்டிங்தான். பிரிட்டிஷ் கவுன்சிலிலோ ஐ.டி.பி.யிலோ பரீட்சைக்குப் பதிவதற்கு முன் பழைய வினாத்தாளை நேரம் வைத்து எழுதி, நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் திருத்தக் கொடுங்கள். முடிவு இரண்டு வருடம்தான் செல்லும், அதனால் கோர்ஸைத் தெரிவு செய்யாமல் ஓடிப்போய் எழுதாதீர்கள்.

பேப்பர் வேலை

தமிழர்களுக்கு இதில் ஒரு தனித் தலையிடி, பெயர். பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயர் மட்டும், ஓ.எல். சான்றிதழில் முன்னெழுத்தோடு, கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக, கல்யாணத்துக்குப் பிறகு வங்கிக் கணக்கில் கணவரின் பெயர். போதாததற்கு ஒவ்வொன்றிலும் ஆங்கில எழுத்து ஒவ்வொரு மாதிரி. விசா அலுவலருக்கு இது நாலு ஆட்கள். எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, கடவுச்சீட்டில் உள்ளது எதுவோ அதையே அடிப்படையாக வைத்து, திருத்தக்கூடியதைத் திருத்துங்கள். முடியாததற்கு எல்லாப் பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சட்டத்தரணியிடமோ சமாதான நீதவானிடமோ சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள்.

யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ பிறந்தவர்களின் பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கும், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்துக்கு மாற்றவேண்டும். இடம்பெயர்வில் சான்றிதழ்கள் தொலைந்தவர்கள் பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்திலும், பரீட்சைப் பெறுபேற்றைப் பரீட்சைத் திணைக்களத்திலும் எடுக்கலாம். வெளிநாட்டுக்கான அத்தாட்சி தேவைப்பட்டால் பத்தரமுல்ல சுஹுருபாயவில் கொன்சியுலர் பிரிவு. பொலிஸ் சான்றிதழை ஒன்லைனில் விண்ணப்பிக்கலாம்.

இதோடு தடுப்பூசியை மறந்துவிடாதீர்கள். வார்டுக்குள் விடுவதற்கு முன் ஹெபடைடிஸ் பி பார்ப்பார்கள். மூன்று ஊசி, இரண்டாவது ஒரு மாதம் கழித்து, மூன்றாவது ஆறாவது மாதத்தில். போகும் வாரத்தில் ஓடிப்போய்ப் போட்டு முடிக்கக்கூடிய விஷயம் இல்லை.

விண்ணப்பமும் நேர்முகமும்

"சிறு வயதிலிருந்தே மற்றவர்களுக்கு உதவ ஆசை" என்று எழுதாதீர்கள், எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள். நீங்கள் பார்த்த ஒரு நோயாளியை, தெரபிஸ்ட் என்ன செய்தார், நீங்கள் அதில் எதைக் கவனித்தீர்கள் என்று எழுதுங்கள். பழைய வேலையையும் ஒளிக்கவேண்டாம். பாங்க் கவுன்டரில் கோபத்தோடு வந்தவரை உட்காரவைத்துப் பேசியது, ஓடிட்டில் ஒரு பிழையை மேலதிகாரியிடம் சொல்லவேண்டி வந்தது, இவை எல்லாம் அவர்கள் கேட்க விரும்பும் கதைகள்.

தமிழையும் பெருமையாகச் சொல்லுங்கள். இரண்டு மொழி பேசியவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சுப் பாதிக்கப்பட்டால் இரண்டு மொழியிலும் சோதிக்கவேண்டும் என்பது ஸ்பீச் தெரபியில் ஏற்றுக்கொண்ட முறை. லண்டனில் ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் நம் தாத்தா பாட்டிமார் முதுமை அடைந்துகொண்டிருக்கிறார்கள், பேத்தியை மொழிபெயர்க்க வைத்துக்கொண்டு அவர்களைச் சோதிப்பது எவ்வளவு சங்கடம் என்று நான் பார்த்திருக்கிறேன்.

ஏஜென்ட்

ஏஜென்ட் வேண்டாம் என்று சொல்லவில்லை, விசாப் படிவங்களில் நன்றாக உதவுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்குக் கமிஷன் கொடுப்பது பல்கலைக்கழகம், ஆகவே ஒப்பந்தம் உள்ள இடங்களைத்தான் காட்டுவார்கள். அங்கீகாரப் பட்டியலைப் பார்த்து நீங்களே தெரிவு செய்த கோர்ஸோடு அவர்களிடம் போங்கள். "கெயார் வேர்க்கராக லண்டன் போய் அங்கேயிருந்து நர்ஸ் ஆகலாம்" என்று யாராவது காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள், அந்த விசாவுக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதை 2025 ஜூலை 22உடன் நிறுத்திவிட்டார்கள். வேறு நாட்டில் பராமரிப்பு வேலை என்று வந்தால் ஏஜென்சிக்கு உரிமம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

முடித்த பிறகு வேலை

பிரித்தானியாவில் புதிதாக முடித்தவர் அரச சுகாதார சேவையான என்.எச்.எஸ்.இல் பாண்ட் 5 என்ற சம்பளப் படியில் தொடங்குவார், 2025-26க்கு இங்கிலாந்தில் அது வருடத்துக்கு 31,049 பவுண். ஆனால் புதியவர்களுக்கான இடங்கள், முக்கியமாகப் பிசியோவில், இப்போது நெருக்கடியாக இருக்கின்றன. படித்து முடிந்ததும் கிடைக்கும் கிராஜுவேட் விசாவும் 2027 ஜனவரி 1இலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டு வருடத்திலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. எனவே கடைசிப் பயிற்சி நடக்கும்போதே விண்ணப்பிக்கத் தொடங்குங்கள், லண்டனை மட்டும் பிடித்துக்கொண்டிராமல் வடக்கு இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து என்று தூர இடங்களையும் பாருங்கள். பயிற்சிக்குப் போன வார்டிலேயே வேலை கிடைத்தவர்கள் நிறைய.

செப்டெம்பரில் தொடங்கும் கோர்ஸ் என்றால் அதற்கு முந்தைய வருடம் மார்ச்சிலேயே கிளினிக்குகளில் அந்தத் தொழிலைக் கண்ணால் பார்க்கத் தொடங்கி, ஜூலைக்குள் கோர்ஸைத் தெரிவு செய்து ஆங்கிலப் பரீட்சையை எழுதி, வருட முடிவுக்குள் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். ஜனவரியில் ஹெபடைடிஸ் பி முதல் ஊசி. இப்போதிருக்கும் வேலையை விடுவதற்கான கடிதத்தை விசா கையில் வரும்வரை கொடுக்காதீர்கள்.